என் மனைவி என்னைக் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

“கொலைகாரி இருக்காளா?” என்று போனில் ஒரு பெண் கேட்டாள்.

ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே மறுபடியும் அடித்தது. “ஹலோ, கொலைகாரி போன்தானே இது?” என்றது அதே குரல். “இங்க அப்படி யாரும் இல்லம்மா, ஜெயிலுக்குப் போன் பண்ணிக் கேளுங்க” என்று கத்திவிட்டு வைத்தேன். ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகப் பேப்பர் படித்தால் ஊருக்கே பொறுக்காது. மூன்றாவது தடவை அடித்தபோது என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எடுத்தாள். அது அவளுடைய போன்தான். மேசையில் கிடந்ததை நான் பழக்கதோஷத்தில் எடுத்திருந்தேன். போனைக் காதில் வைத்துக் கேட்டாள். அப்புறம், “நான்தான்டி பேசறேன்” என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். இத்தனை காலத்தில் அந்தச் சிரிப்பை அவள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

என் மனைவியைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அவள் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை செய்கிறாள். தண்ணீர் வரவில்லை என்பவர்களும், வராத தண்ணீருக்கு பில் மட்டும் வந்துவிட்டது என்பவர்களும் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் வாயை வைத்து ஊரே அவளைத் திட்டும். அவள் எல்லாவற்றுக்கும், “மன்னிச்சிடுங்க, பார்த்துச் சொல்றேன்” என்பாள். திட்டி ஓய்ந்தவர்கள் கடைசியில் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “உனக்கு மேல யார் இருக்கா? அவங்களைக் கூப்பிடு.” மேலே ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அவர் உள்ளறையிலிருந்தே, நீயே பேசி அனுப்பிவிடு என்று கையைக் காட்டுவார். இவள் மறுபடியும் ஓட்டைக்குத் திரும்பி மன்னிப்புக் கேட்பாள்.

இதை ஆபீசோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் சாரி கேட்பாள். மேல்வீட்டுக்காரர்கள் ஈரத்துணியைத் தொங்கவிட்டு எங்கள் பால்கனியெல்லாம் சொட்டுகிறது என்று சண்டை போடப் போனவள், அவர்களுக்குப் புதுக்கொடி கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று என் அக்காவே சொல்லுவாள். என் அக்கா யாரையும் அப்படிப் புகழ்ந்ததில்லை; அவள் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

நான் அதற்கு நேர்மாறு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். ஃப்ரேமின் மேல் உட்கார்ந்துவிட்டு, “தானா வளைஞ்சிடுச்சு சார்” என்று வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. இந்த உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஞானம். மனிதர்களைப் பற்றி இதற்குமேல் நல்ல அபிப்பிராயம் எதுவும் எனக்கு வந்ததில்லை.

போனை வைத்துவிட்டு வந்தவளிடம், “யாரது? உன்னைக் கொலைகாரிங்கறா?” என்றேன்.

“காலேஜ் ஃப்ரெண்டுங்க. பல் டாக்டரா இருக்கா. இந்த ஊருக்கே கிளினிக்கை மாத்திட்டு வந்துட்டாளாம்.”

“பல் டாக்டர் உன்னை எதுக்குக் கொலைகாரிங்கணும்? அது அவ பட்டமில்ல?”

அவள் உட்கார்ந்து சொன்னாள். காலேஜில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் உடைந்த ஸ்டூல்கள் போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்ததாம். அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். மேசையில் பகடைகள், காகிதம், பென்சில், அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தி மந்திரக்காரி என்று. “இப்ப உன் முன்னாடி ஒரு கதவு இருக்கு, என்ன பண்ணுவே?” என்று கதை நடத்துகிறவர் கேட்பார். திறப்பேன் என்றோ ஓடுவேன் என்றோ சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையைப் போட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தாய். சின்ன எண் விழுந்தால் என்ன ஆகும் என்பது கதை நடத்துகிறவர் கையில்.

“யார் நடத்துவாங்க?”

“நான்தான்” என்றாள். கன்னம் சிவந்துவிட்டது.

அந்தக் கதைகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாயாலேயே கேட்டேன். மூன்று பேரும் மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பல் டாக்டர் வந்தவுடனே என் வாயைத்தான் பார்த்தார். நான் அவர் காதைப் பார்த்தேன். நெட்டை என்று ஒருவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார், எங்கள் வாசற்படியில் குனிந்துதான் நுழைய முடிந்தது. ஊமை என்று ஒருவர், வீட்டுத் தரகர். செருப்பைக் கழற்றுவதற்குள் எங்கள் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் என் மனைவிதானாம்.

“இவ என்னைக் கிணத்துல தள்ளினா அண்ணா” என்றார் டாக்டர், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல. “தள்ளிட்டு மூடியும் போட்டா. மூடி மேல ஏறி உட்கார்ந்து ஒரு பேய் பாட்டு பாடிச்சு.”

“என்னை என் குதிரையே தின்னுடுச்சு” என்றார் நெட்டை. “அதுக்கு நான் பேரெல்லாம் வெச்சிருந்தேன்.”

“நான் ஒரு கதவைத் தட்டினேன். கதவு கடிச்சிடுச்சு. தட்டின தப்புக்கு! அன்னையில இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் காலிங் பெல்தான்” என்றார் ஊமை.

செத்தவர்கள் அடுத்த வாரமே புது ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு வருவார்களாம், மறுபடி சாவதற்கு. அவள் வாயைத் திறந்தால் அந்த அறையில் மூச்சு நின்றுவிடும் என்றார்கள். அப்புறம் ஆளாளுக்கு வேலை, கல்யாணம், குழந்தை, வேறு ஊர் என்று போய், விளையாட்டும் நின்றுபோயிற்று. நான் என் மனைவியைப் பார்த்தேன். பிஸ்கெட் தட்டை நடுமேசையில் வைத்துவிட்டு, “உதிருது, சாரி” என்று பிஸ்கெட்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் ஒரு ஓரமாகப் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டேன், படிப்பதுபோல. அவள் கேக் பெட்டியின் மூடியை முன்னால் நிறுத்தி வைத்து, தான் போடும் பகடை மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டாள். அது வழக்கமாம். ஒரு பாழடைந்த கோட்டை. வாசலில் ஈட்டியோடு இரண்டு காவலாளிகள். நெட்டை ஆசை ஆசையாக வாளை உருவினார்.

மூடிக்குப் பின்னால் பகடை உருண்டது. அவள் எட்டிப் பார்த்தாள். முகம் வாடியது. “அவங்க ரெண்டு பேருக்கும் டியூட்டி முடியற நேரம். நீங்க உள்ள போங்க, பரவாயில்ல” என்றாள்.

சரி, ஆரம்பம்தானே என்று எல்லோரும் உள்ளே போனார்கள். கோட்டைக்குள் பச்சை நிறத்தில் ஒரு சுனை. ஊமை வேண்டுமென்றே அதில் வாய் வைத்துக் குடித்தார். கொலைகாரியின் கதையில் பச்சைத் தண்ணீரைக் குடித்தவன் பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாதாம். மறுபடி பகடை உருண்டது. “தண்ணி நல்லாத்தான் இருக்கு. சுத்திகரிச்சிருக்காங்க” என்றாள்.

“யாரு?” என்றார் ஊமை.

“கோட்டையில... இருந்தவங்க.”

கடைசியாகப் பூதம் வந்தது. அதற்காகத்தான் மூன்று பேரும் அத்தனை நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். பூதம் எழுந்து நின்றது. வாயைத் திறந்தது. வழியை மறித்துப் படுத்திருந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

“பகடையில என்ன விழுந்துச்சு, காட்டுடி” என்றார் டாக்டர்.

“காட்டக் கூடாதுடி, ரூல்ஸ்” என்று சொல்லி இவள் பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். டீ நன்றாக இருந்தது என்றார்கள். வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார் ஊமை. “அடுத்த வாரம் பார்க்கலாம், வேலை எப்படி இருக்குன்னு தெரியல” என்றார் நெட்டை. இருக்கிற ஃப்ரேமையெல்லாம் எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, “பார்க்கலாம், அப்புறம் வர்றேன்” என்று கடையை விட்டு இறங்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. வழியனுப்புகிற சாக்கில் டாக்டரோடு கீழே இறங்கிப் போய், என்ன விஷயம் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா” என்றார். “வாரம் பூரா ‘வலிக்காது, வலிக்காது’ன்னு சொல்லியே பொழைக்கிறவ நான். இங்கயாவது கொஞ்சம் வலிக்கட்டுமேன்னுதான் அவளைத் தேடிப் புடிச்சு வந்தேன். அடுத்த வாரம் எப்படியாச்சும் அவங்களையும் இழுத்துட்டு வர்றேன். அப்பவும் யாரும் சாகலைன்னா, இது டீ குடிச்சிட்டு பழங்கதை பேசற கூட்டமாயிடும். அந்த மாதிரி எனக்கு ஏற்கனவே நிறைய இருக்கு.”

மேலே வந்தால் இவள் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். பகடை இன்னும் கைக்குள்ளேயே இருந்தது.

“எனக்கு வரலைங்க” என்றாள்.

“எது வரல?”

“கொலை.” பகடையை அடுப்பு மேடையில் வைத்தாள். “பூதம் அடிச்சுத் தின்னிருக்கணும். பகடையும் அப்படித்தான் விழுந்துச்சு. ஆனா அவங்க முகத்தைப் பார்த்ததும் வாயில மன்னிச்சிடுங்கன்னுதான் வருது. எனக்குன்னு நல்லா வந்தது அது ஒண்ணுதாங்க. படிப்பு சுமார், பாட்டு வராது, கோலப்பொடி சிதறின மாதிரி ஒரு கையெழுத்து. அந்த ரூம்ல மட்டும்தான் நான் யாரோவா இருந்தேன். அதையும் அந்த ஓட்டைக்குள்ள விட்டுட்டேன் போல.”

அழுதாள். அவளைத் திட்டிய ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் ஃப்ரேமையும் வளைத்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் என் வாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. யோசனை மட்டும்தான் சொல்லத் தெரியும்.

“யாரையாவது மனசுல நினைச்சுக்கிட்டுக் கொல்லு. உங்க ஆபீஸ்ல உள்ரூம்ல ஒருத்தர் இருக்காரே, அவரை நினைச்சுக்கோ.”

“பாவங்க, அவருக்கு சர்க்கரை.”

“மேல்வீட்டுக்காரரை.”

“அவர் நல்லவர். கொடிக்கு ரெண்டு தடவை தேங்க்ஸ் சொன்னார்.”

“என் அக்காவை?”

ஒரு கணம் அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. உடனே அணைத்துவிட்டாள். “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“அப்ப என்னைக் கொல்லு” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் விளக்கினேன். அடுத்த வாரம் நானும் ஆட்டத்தில் சேருகிறேன். ஏதோ ஒரு எடுபிடி வேஷம் போதும். பாதிக் கதையில் ஏதாவது ஒரு இடத்தில் என்னைப் போட்டுத்தள்ளிவிடு. எனக்கு ஒன்றும் வருத்தம் கிடையாது, நான் என் பேப்பருக்குத் திரும்பிப் போய்விடுவேன். ஒரு தடவை ரத்தம் பார்த்துவிட்டால் உனக்குக் கை பழகிவிடும். கட்டின புருஷனையே கொன்றவளுக்கு மற்றவர்களைக் கொல்வதற்கு என்ன தயக்கம் வந்துவிடப் போகிறது? அவளுக்கு இது நியாயமாகப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தொங்கு பாலம் வைக்கிறேன், அதில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். இப்படி ஒரு ஒப்பந்தம் எங்களுக்குள் அதற்குமுன் நடந்ததில்லை.

எனக்கு வேஷம், விளக்குக்காரன். இருட்டுக் குகைகளில் மற்றவர்களுக்கு முன்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன். சாகப்போகிறவனுக்கு அதுவே அதிகம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இவன் காது எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. இடது காது கொஞ்சம் கீழே இருக்கும் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் அவனுக்கு முழங்கால் வலி கொடுத்தேன். வவ்வால் என்றால் பயம். விளக்குக் கண்ணாடியில் புகை படிந்தால் பொறுக்காது, நொடிக்கொரு தரம் சட்டை நுனியால் துடைப்பான். மூன்று பெண்கள் அவனுக்கு. கடைசிப் பெண்ணுக்கு அப்பா மேல் உயிர். இதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது என் மனைவியிடமும் சொல்லிவைத்தேன். ஒரு அம்மாள் கவுண்டரில் நின்று, “என் பவர் என்ன ஆச்சு?” என்று கேட்டதற்கு, “மூணாவதும் பொண்ணுதான்” என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவளோ, “எனக்கு மூணு தங்கச்சியா? எனக்குக் கொடுத்த போனை மாத்திக் குடுப்பா முதல்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டாக்டர் சொன்னபடி மற்ற இருவரையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வந்த வேகத்தில் கேக் பெட்டி மூடியை மடித்துத் தன் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். “இன்னைக்கு மறைப்பு கிடையாது. எல்லாப் பகடையும் நடு மேசையில.” இவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே தைரியம் சொன்னேன்.

கோட்டைக்கு அடியில் குகை. நான் விளக்கோடு முன்னால் போனேன். ஓரிடத்தில் வழி முடிந்து வெறும் பாறைச் சுவர் நின்றது. சுவருக்கு எதிரே ஒரு தூணின் துளையில் பதித்த கண்ணாடிக் கல் இருக்கிறது என்றாள் இவள். நெட்டை முட்டிப் பார்த்தார். ஊமை சுவருக்கு விலை சொன்னார். நான் கேட்டேன்: “அந்தக் கல்லு நடுவுல தடிமனா இருக்கா, ஓரத்துல தடிமனா இருக்கா?”

அவள் கொஞ்சம் யோசித்து, “நடுவுல” என்றாள்.

“அப்ப வெளிச்சத்தைக் குவிக்கும். என் விளக்கை அதுக்குப் பின்னாடி பிடிக்கிறேன். எதிர்ச்சுவர்ல எங்க புள்ளி விழுதோ அங்க தோண்டுங்க.”

பகடையைப் போட்டேன். பத்தொன்பது. எதிர்ச்சுவர் விலகியது. “அண்ணே, செம!” என்று நெட்டை முதுகில் ஒரு அறை விட்டார், பல் ஆடியது. டாக்டர்கூட கை தட்டினார். என்னை யாரும் முதுகில் தட்டிப் பாராட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறவர்கள் உலகத்தைத்தான் பாராட்டுவார்கள், மாட்டிவிட்டவனை அல்ல. அதற்கப்புறம் என் விளக்குக்காரன் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தான். ஊமையை வவ்வால் கூட்டத்திலிருந்து, பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு, இழுத்து வந்தான். பேப்பர் எங்கே கிடந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பாலம் வந்தது.

“பள்ளத்தாக்குக்கு மேல ஒரு தொங்கு பாலம்” என்றாள் இவள். “பாதி பலகை இல்ல. கீழ ரொம்ப இருட்டு. விளக்குக்காரர் முன்னாடி போறார்.” என்னைப் பார்த்தாள். இதுதான் அந்த இடம்.

நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. “கீழ ஏதோ ஒண்ணு... தூங்குது” என்றாள்.

“எழுப்புடி” என்றார் டாக்டர்.

“நல்லாத் தூங்குதுடி.”

“பகடை சொல்லட்டும். அண்ணா, போடுங்க.”

போட்டேன். அது மேசையில் உருண்டு, பிஸ்கெட் தட்டில் இடித்து, நின்றது. மூன்று.

மேசை ஆடியது என்றேன். தட்டில் இடித்த பகடை செல்லாது என்றேன். மறுபடி போடுகிறேன் என்று பகடையை எடுக்கப் போனேன். நெட்டை அவ்வளவு நீளக் கையை நீட்டி அதை மூடினார். எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். இவள் முகத்தில் அந்தக் கண்ணாடித் தடுப்பு இறங்குவதை நான் பார்த்தேன். “மன்னிச்சிடுங்க” என்று ஆரம்பித்தாள், என்னிடமா அவர்களிடமா என்று தெரியாமல். “தட்டுல இடிச்சதுதான். பார்த்துச் சொல்றேன்...”

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஊமை கைப்பையைத் தேடினார். முடிந்தது, இனி இவர்கள் வரமாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்ல புருஷன் என்ன செய்திருப்பான்? சரி, நான் செத்தேன் என்று எழுந்து போயிருப்பான். பேசிய பேச்சும் அதுதானே. நான் போகவில்லை. எனக்கு என் விளக்குக்காரன் வேண்டும். அவனுக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நான் மேசைமேல் சாய்ந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோய், “இதெல்லாம் ஒத்துக்க முடியாது. என்ன நியாயம் இது? உனக்கு மேல யார் இருக்கா? அவங்களைக் கூப்பிடு” என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. கோபத்தில் வந்துவிட்டது. அவளுக்கு உதவி செய்கிற எண்ணமெல்லாம் அப்போது எனக்குத் துளிகூட இல்லை.

அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பிஸ்கெட் தட்டை நிதானமாக எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கால் இடித்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

“இங்க எனக்கு மேல யாரும் இல்ல” என்றாள்.

குரல் உயரவில்லை, இறங்கியிருந்தது. “பாலம் நான்தான். இருட்டு நான்தான். கீழ இப்ப கண்ணைத் திறக்குது பாருங்க, அதுவும் நான்தான். மூணு விழுந்திருக்கு. முதல்ல உங்க விளக்கு அணையுது. காத்து இல்ல. உங்க கன்னத்துக்குப் பக்கத்துல இருந்து யாரோ ஊதி அணைச்ச மாதிரி. உங்களுக்குப் பழக்கம், உடனே சட்டை நுனியால கண்ணாடியைத் துடைக்கப் போறீங்க. துடைக்கக் கை வரல. கையை விளக்கோட சேர்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்கு. பத்திரமா. நீங்க இந்தப் பக்கம் நிக்கறீங்க.”

ஊமை வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

“வலிக்கல. இன்னும் தெரியலை, அதான். நீங்க உங்க கடைசிப் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடறீங்க. கீழ இருந்து அதுவும் அந்தப் பேரைச் சொல்லிப் பார்க்குது. ஒரு தடவை தப்பா. ரெண்டாவது தடவை சரியா. உங்க குரல்லயே. அந்தப் பேரு அதுக்குப் பிடிச்சிருக்கு. எந்த ஊருன்னு உங்களைக் கேட்குது. நீங்க சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கறீங்க. ஆனா உங்க வாய் இப்ப உங்ககிட்ட இல்லைங்க.”

பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே மேல்வீட்டுத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. என் மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் கண்கள் பளபளக்க உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணை எனக்கு அதற்குமுன் யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று மட்டும் இப்படி ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன், அல்லது அன்றைக்கே கல்யாணத்தை முடித்துக்கொண்டிருப்பேன்.

“பலகை உடையுது” என்றாள். “அவ்வளவுதான்.”

டாக்டர் இரண்டு கையாலும் மேசையை அறைந்து கத்தினார். “வந்துட்டாடா! கொலைகாரி வந்துட்டா!” நெட்டை எழுந்த வேகத்தில் தலை விளக்கில் இடித்தது. ஊமைக்கு அப்போதுதான் பேச்சு வந்தது: “அது இப்ப பாலத்து மேல ஏறி வருதா? எங்க பேரும் அதுக்குத் தெரியுமா?”

“உங்க பேரை விளக்குக்காரர் சொல்லிட்டார்” என்றாள் இவள்.

“நான் எங்க சொன்னேன்? என் பொண்ணை எதுக்கு இதுல இழுக்கறே?” என்று நான் குதித்தேன்.

“செத்தவங்க பேசக் கூடாது அண்ணா” என்றார் டாக்டர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்திருந்தார்.

நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். வேறு என்ன செய்ய? அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் அலறினார்கள். நெட்டையின் விரல்களை அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள், ஒன்று குறைந்தது. ஊமை, “வேணாம், வேணாம், அந்தக் கதவை மட்டும் வேணாம்” என்று கெஞ்சினார். அவள் சிரித்தாள். அடுப்பின் முன்னால் நின்றபடி எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

போகும்போது இந்த முறை யாரும் மரியாதையாக இல்லை. டீயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் வருகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். ஊமை படியிறங்கும்போது இருட்டு மூலையை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். டாக்டர் என் மனைவியைக் கட்டிப்பிடித்து, “சனியனே, எங்கடி போயிருந்தே?” என்று கேட்டுவிட்டு அழுதார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். நான் நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாரி வரும் என்று காத்திருந்தேன். நாற்காலிக்கே கிடைக்கிற சாரி, கட்டின புருஷனுக்குக் கிடைக்காமலா போகும்? எல்லா டம்ளரையும் கழுவி முடித்துவிட்டாள். வரவில்லை.

“கட்டின புருஷனைக் கொன்னிருக்கே” என்றேன் கடைசியில். “கொஞ்சமாச்சும் வருத்தம் இல்லையா உனக்கு?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கேள்வியை உண்மையாகவே யோசித்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

“இருக்குங்க” என்றாள். நான் மன்னிக்கத் தயாரானேன். “அவ்வளவு சீக்கிரம் பலகையை உடைச்சிருக்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் உங்களை அதுல தொங்கவிட்டிருக்கலாம்.”